போர் தந்த வீராங்கனைகளை யார் காப்பாற்றினார்கள்?

மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் வரை ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியது. 1906இல் தொடங்கிய அந்தக் குறும்பாதையை, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941இல் வெள்ளை அரசு நிறுத்தியது. தண்டவாளத்தைப் பெயர்த்துப் போர்த் தேவைக்குக் கொண்டுபோனார்கள். கம்பைநல்லூர்க்காரர்களுக்குப் பக்கத்து ரயிலடி இன்றும் மொரப்பூர்தான். அந்தப் பாதை திரும்ப வேண்டும் என்று இந்த வட்டாரம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறது. போர் எங்களிடமிருந்து இரும்பை எடுத்துக்கொண்டது.

அதே 1941இல் வட அமெரிக்காவில் போர் புதிதாக ஒன்றைக் கொடுத்தது. காமிக்ஸ் பக்கங்களில் முகமூடியும் போர்க்கோலமுமாகப் பெண் வீராங்கனைகள் ஒருவர் பின் ஒருவராக வந்து இறங்கினார்கள். ஒற்றர்களைப் பிடித்தார்கள், நாஜிகளை எதிர்த்தார்கள், லட்சக்கணக்கான வாசகர்களைச் சேர்த்தார்கள். பத்தே ஆண்டுகளில் அவர்களில் பெரும்பாலோர் காணாமல் போனார்கள். இன்று உலகம் அறிந்த பெயர் வொண்டர் வுமன் ஒன்றுதான். மற்றவர்கள் ஏன் மறைந்தார்கள், மறைந்தவர்களிடமிருந்து என்ன மிஞ்சியது, நம் பக்கத்தில் இதற்கு ஈடான கதை உண்டா என்ற மூன்று கேள்விகளை இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

1941இன் வரிசை

முதல் பெண் சூப்பர் ஹீரோ யார் என்பதில் ஆய்வாளர்களிடையே வழக்கு தீரவில்லை. 1940இன் தொடக்கத்தில் வந்த ஃபான்டோமா காட்டைக் காக்கும் மாயசக்தி படைத்தவள். அதே ஆண்டு மார்ச் இதழில் வந்த 'வுமன் இன் ரெட்' சிவப்பு அங்கியும் முகமூடியும் அணிந்த பெண் போலீஸ். சக்தியை அளவுகோலாக வைத்தால் ஒரு விடை, முகமூடியை வைத்தால் இன்னொரு விடை.

அலையாகத் திரண்டது 1941இல்தான். ஏப்ரலில் மிஸ் ஃப்யூரி. ஆகஸ்டு இதழ்களில் மட்டும் நெல்வானா, ஃபேன்டம் லேடி, பிளாக் கேட், மிஸ் விக்டரி என்று நான்கு பேர். ஆண்டு முடிவில் வொண்டர் வுமன். இவர்களின் பகல் வேலைகளைப் பார்த்தாலே காலம் தெரியும். மிஸ் விக்டரி வாஷிங்டனில் சுருக்கெழுத்தாளர். பிளாக் கேட் சினிமா நடிகை. ஃபேன்டம் லேடி ஒரு செனட்டரின் மகள். அமெரிக்கா இன்னும் போரில் நேரடியாக இறங்கவில்லை, ஆனாலும் அதற்கான தயாரிப்பு கதைப் பக்கங்களில் தொடங்கிவிட்டது.

அமெரிக்கா போரில் இறங்கிய பிறகு இந்த அலை வளர்ந்ததற்கு ஓர் எளிய பொருளாதாரக் காரணமும் இருந்தது. ஓவியர்களும் எழுத்தாளர்களும் பட்டாளத்துக்குப் போனதும் பதிப்பகங்களின் மேசைகள் காலியாயின. அங்கே பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஃபிக்‌ஷன் ஹவுஸ் என்ற நியூயார்க் பதிப்பகம் இப்படிப் பல பெண்களுக்கு வேலை கொடுத்தது. அவர்களில் ஒருவர் லில்லி ரெனே. வியன்னாவில் பிறந்த யூதப் பெண், நாஜிகளிடமிருந்து தப்பிக் குழந்தைகளை மீட்ட ரயிலில் இங்கிலாந்து போய், பிறகு அமெரிக்கா சேர்ந்தவர். ஹிட்லரின் ஆட்களை வீழ்த்தும் சென்யோரிடா ரியோ என்ற உளவுப் பெண்ணை அவர் வரைந்தார். 'எல். ரெனே' என்ற கையெழுத்தைப் பார்த்த வாசகர்கள் அவரை ஆண் என்றே எண்ணிக் கடிதம் எழுதினார்கள். தன்னை ஊரை விட்டுத் துரத்தியவர்களைத் தன் தூரிகையால் திருப்பி அடித்த அந்தப் பெண்ணின் வாழ்க்கை, அவர் வரைந்த எந்தக் கதைக்கும் குறைந்ததில்லை.

மிஸ் ஃப்யூரி: ஒரு பெண் வரைந்த பெண்

இந்த வரிசையில் மிஸ் ஃப்யூரிக்குத் தனி இடம் உண்டு. ஒரு பெண்ணே எழுதி, ஒரு பெண்ணே வரைந்த முதல் சூப்பர் நாயகி அவள்தான். படைத்தவர் ஜூன் டார்பே மில்ஸ். பெயரிலிருந்த 'ஜூன்' என்ற பகுதியை நீக்கிவிட்டு 'டார்பே மில்ஸ்' என்று கையெழுத்திட்டார். இப்படி ஒரு சாகசக் கதையைப் பெண் எழுதுகிறாள் என்று தெரிந்தால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள் என்பது அவர் கணக்கு.

1941 ஏப்ரல் 6ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் கதை தொடங்கியது. நாயகி மார்லா டிரேக் பணக்கார வீட்டுப் பெண். மாறுவேட விருந்துக்குக் கிளம்பும் நேரத்தில், தான் தைத்து வைத்திருக்கும் அதே உடையில் இன்னொருத்தியும் வரப்போவதாகத் தெரிகிறது. வீட்டுப் பணிப்பெண் ஒரு யோசனை சொல்கிறாள்: மாமா ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த கருஞ்சிறுத்தைத் தோல் இருக்கிறதே, அதைப் போட்டுக்கொண்டால் என்ன? மார்லா போட்டுக்கொள்கிறாள். வழியிலேயே குற்றவாளிகளிடம் மோதல், அங்கிருந்து பத்தாண்டு சாகசம். வேற்றுக் கிரகமும் கிடையாது, தெய்வ வரமும் கிடையாது. தோலுடை, கூர்நகம், புத்தி, துணிச்சல், அவ்வளவுதான். அந்தத் தோலை அணியும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு கெடுதல் பின்தொடர்வதால், பல வாரங்கள் அவள் அதைத் தொடாமலேயே கதை நகர்கிறது.

எதிரியாக மில்ஸ் படைத்தவளும் ஒரு பெண்தான். எரிகா ஃபான் காம்ஃப் என்ற ஜெர்மானியச் சீமாட்டி, நாயகிக்குச் சமமான மூளைக்காரி. எதிரிகளிடமிருந்து மீட்ட ஒரு குழந்தையைத் தத்தெடுத்துத் தனி ஆளாக வளர்க்கிறாள் மார்லா. கணவன் இல்லாத ஒரு பெண் குழந்தை வளர்ப்பதை 1940களின் குடும்பப் பத்திரிகை ஞாயிறுதோறும் அச்சிட்டது என்பதை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

நூற்றுக்கும் மேற்பட்ட பத்திரிகைகள் வெளியிட்டன. டைம்லி என்ற பதிப்பகம், அதாவது பின்னாளைய மார்வெல், தொடரைத் தொகுத்து 1942 முதல் எட்டு இதழ்கள் போட்டது. போர் விமானங்களின் மூக்கில் வீரர்கள் அவள் படத்தைத் தீட்டினார்கள். மில்ஸ் வளர்த்த பூனை கதையிலும் வந்து, பட்டாளத்தின் செல்லமானது. 1947இல் ஒரு பாத்திரத்தின் உடை அடக்கமாக இல்லை என்று 37 பத்திரிகைகள் தொடரை நிறுத்தின. 1950களின் தொடக்கத்தில் மில்ஸின் உடல்நலம் குன்றத் தொடரும் முடிந்தது. 1988இல் அவர் காலமானபோது அவரை நினைவில் வைத்திருந்தவர்கள் சிலரே.

நெல்வானா: தடை பெற்ற பிள்ளை

கனடாவின் கதை வேறு வழியில் போகிறது. போர்க்கால அந்நியச் செலாவணியைக் காக்க, 1940 டிசம்பரில் அந்நாட்டு அரசு அவசியமில்லாத பொருள்களின் இறக்குமதியைத் தடுத்தது. அமெரிக்க காமிக்ஸும் அந்தப் பட்டியலில் இருந்தது. கடைகளில் இடம் காலியாகவே, டொராண்டோவின் சிறு பதிப்பாளர்கள் சொந்தமாகக் கதை போட்டார்கள். உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளை. நம் தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் பல ஆண்டுகள் பழகியிருந்த அதே தோற்றம்.

அதில் பிறந்தவள் நெல்வானா. ஏட்ரியன் டிங்கிள் வரைந்தார். வட துருவம் போய்வந்த ஃபிரான்ஸ் ஜான்ஸ்டன் என்ற ஓவியர் இன்யூட் மக்களிடம் கேட்டுவந்த கதைதான் விதை. வடதிசை ஒளியின் அரசனுக்கும் மனிதப் பெண்ணுக்கும் பிறந்தவள், துருவ ஒளியின் மீதேறி ஒளி வேகத்தில் பறப்பாள், கண்ணுக்குத் தெரியாமல் மறைவாள், தன் மக்களைக் காப்பாள். வொண்டர் வுமனுக்குச் சில மாதங்கள் மூத்தவள். பழங்குடி மக்களின் கதையை எடுத்து, அவர்களைக் கேட்காமலே வெள்ளைத் தோல் நாயகியாக ஆக்கிவிட்டார்கள் என்ற குறை நியாயமானது. அந்தக் குறையோடு சேர்த்துத்தான் அவளை மதிப்பிட வேண்டும்.

போர் முடிந்தது, தடை நீங்கியது, அமெரிக்க வண்ண காமிக்ஸ் மீண்டும் வெள்ளமாக உள்ளே வந்தது. உள்ளூர்ப் பதிப்பகங்கள் தாக்குப்பிடிக்கவில்லை. 1947இல் நெல்வானா நின்றுபோனாள்.

அவள் பெயர் பிழைத்த விதம் தனிக் கதை. 1971இல் மைக்கேல் ஹர்ஷ், பேட்ரிக் லூபர்ட் என்ற இருவர் பழைய பதிப்பகத்தின் இருப்பை வாங்கி, கனடிய காமிக்ஸ் பற்றி ஒரு நூல் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு கிளைவ் ஸ்மித்தோடு சேர்ந்து தொடங்கிய கார்ட்டூன் நிறுவனத்துக்கு 'நெல்வானா' என்றே பெயர் வைத்தார்கள். டொராண்டோவிலும் ஸ்கார்பரோவிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் அந்தப் பெயரைத் தொலைக்காட்சியில் கார்ட்டூனின் முடிவில் பார்த்திருப்பார்கள். அது ஒரு வீராங்கனையின் பெயர் என்று அவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டிருக்கும்? 1995இல் கனடா அஞ்சல் துறை அவளுக்குத் தபால்தலை வெளியிட்டது. 2014இல் ஹோப் நிக்கல்சன், ரேச்சல் ரிச்சி என்ற இரு பெண்கள் வாசகர்களிடம் நிதி திரட்டி முழுத் தொகுப்பையும் அச்சிட்டார்கள்.

ஏன் மறைந்தார்கள்?

பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. ஆண்கள் போரிலிருந்து திரும்பினார்கள், தொழிற்சாலைப் பெண்களை வீட்டுக்கு அனுப்பியதுபோலக் கதைப் பெண்களையும் அனுப்பினார்கள் என்பது முதலாவது. சூப்பர் ஹீரோ மோகமே வடிந்து காதல் கதைகளும் குற்றக் கதைகளும் சந்தையைப் பிடித்தன என்பது இரண்டாவது. 1954இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று எழுதிய நூலும், அதே ஆண்டு பதிப்பாளர்கள் தாங்களே போட்டுக்கொண்ட தணிக்கை விதிகளும் மிச்சமிருந்த துணிச்சலையும் நறுக்கின என்பது மூன்றாவது.

மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இவை ஏன் நின்றார்கள் என்பதை விளக்குகின்றனவே தவிர, ஏன் மறக்கப்பட்டார்கள் என்பதை விளக்கவில்லை. சந்தை சரிந்தபோது ஆண் நாயகர்களும் நின்றுபோனார்கள். கேப்டன் அமெரிக்காவும் 1950களில் இல்லாமல் போனவன்தான். அவனை 1964இல் மார்வெல் மீட்டுக் கொண்டுவந்தது. உரிமையும் அச்சகமும் மீட்க விரும்பும் ஆசிரியரும் ஒரே இடத்தில் இருந்தார்கள்.

வொண்டர் வுமனைப் பாருங்கள். அவளைப் படைத்த உளவியலாளர் வில்லியம் மௌல்டன் மார்ஸ்டன் 1947இல் இறந்தார். பிறகு வந்தவர்கள் அவளைப் பலவாறு மாற்றினார்கள். 1968இல் அவள் சக்திகளையே பறித்தார்கள். 1972இல் குளோரியா ஸ்டைனம் தம் 'மிஸ்' பத்திரிகையின் அட்டையில் அவளைப் போட்டு, பழைய வொண்டர் வுமன் வேண்டும் என்று குரல் கொடுத்தார். அடுத்த ஆண்டே சக்திகள் திரும்பின. ஆனால் மார்ஸ்டன் காலத்திலேயே அவருக்காகக் கதை எழுதிய ஜாய் ஹம்மல் என்ற இளம் பெண்ணுக்கு உரிய விருது கிடைக்க 2018 வரை ஆனது. நாயகிக்கு நிறுவனம் இருந்தது. எழுதிய பெண்ணுக்கு யாரும் இல்லை.

மிஸ் ஃப்யூரி மீண்டு வந்ததும் ஒருவரின் பிடிவாதத்தால்தான். டிரினா ராபின்ஸ் என்ற ஓவியர், காமிக்ஸில் பெண்களே வேலை செய்ததில்லை என்று பேசியவர்களுக்கு மறுப்பாகப் பழைய பத்திரிகைகளைத் தேடி வரலாறு எழுதினார். 2011இல் மிஸ் ஃப்யூரியைப் பெரிய தொகுப்பாகக் கொண்டுவந்தார். ஆகவே என் முடிவு இது: மறதி தானாக வருவதில்லை. தாளைக் காப்பவர் இருந்தால் நாயகி இருப்பாள். வாசகர்களின் அன்பு ஒரு தலைமுறைக்குத்தான் வரும். அதற்குமேல் காப்பகமும் மறுபதிப்பும் வேண்டும்.

இந்தியப் பக்கம்

அதே காலத்தில் இந்தியாவில் சூப்பர் நாயகி இருந்தது சினிமாவில். வாடியா மூவிடோனின் 'ஹண்டர்வாலி' 1935இல் வந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்த மேரி ஆன் எவான்ஸ், நாடியா என்ற பெயரில், முகமூடியும் சவுக்குமாக அநியாயக்காரர்களைப் புரட்டி எடுத்தார். போர் நடந்த ஆண்டுகளிலும் 'டைமண்ட் குயின்' (1940), 'ஹண்டர்வாலி கி பேட்டி' (1943) என்று அவர் ஓட்டம் நிற்கவில்லை. தமிழில் அந்த வழியில் வந்தவர் கே.டி. ருக்மிணி. கே. அமர்நாத் இயக்கிய 'மின்னல்கொடி' (1937) படத்தில் அவர் ஏற்ற சாகச வேடம், நம் சினிமாவில் சண்டை போட்ட பெண்ணுக்கான தொடக்கங்களில் ஒன்று. இந்த இருவரில் நாடியாவை உலகம் மீண்டும் கண்டுகொண்டது. வாடியா குடும்பத்தின் பின்னாளைய தலைமுறையைச் சேர்ந்த ரியாத் வாடியா 1993இல் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். ருக்மிணிக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. தமிழ்நாட்டில் பழைய படம் பார்ப்பவர்களிலும் அவர் பெயர் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கதைக்கு வெளியே, நிஜப் போர்க்களத்திலும் தமிழ்ப் பெண்கள் நின்றார்கள். 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையை நடத்தியவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் பெண்கள். பலர் இந்தியாவைக் கண்ணால் கண்டதே இல்லை. கேப்டன் லட்சுமி, ஜானகி ஆதி நாகப்பன், ராசம்மா பூபாலன் ஆகிய பெயர்கள் நமக்குத் தெரியும். பேசவும் எழுதவும் அவர்களுக்கு மேடை இருந்தது. துப்பாக்கி தூக்கிப் பர்மா வரை போய்த் திரும்பிய தோட்டத்துப் பெண்களில் பெரும்பாலோர் பெயரின்றிப் போனார்கள். கற்பனை நாயகிக்கு வந்த கதியே நிஜ நாயகிக்கும் வந்தது. காரணமும் ஒன்றுதான்: பதிந்து வைக்க ஆளில்லை.

சிவகாசிக்கு வந்த போர்க்குழந்தை

போருக்கும் தமிழ் காமிக்ஸுக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. 1942இல் பீட்டர் ஓடொன்னல் என்ற ஆங்கிலேயச் சிப்பாய் வட ஈரானில் வானொலிப் பிரிவில் இருந்தார். அகதிகள் கடந்துபோகும் வழி அது. ஒருநாள் ஒரு சிறுமி தனியாக வந்தாள். துணைக்கு யாரும் இல்லை, கையில் ஒரு மூட்டை. மரக்கட்டையில் ஆணியைக் கட்டித் தானே செய்த ஆயுதம் ஒன்று கழுத்தில் தொங்கியது. சிப்பாய்கள் சாப்பாடு கொடுத்தார்கள். அவள் சாப்பிட்டாள், பாத்திரத்தைக் கழுவி வைத்தாள், கொடுத்த பொருள்களை எடுத்துக்கொண்டு, ஒரு புன்னகையோடு தன் வழியே நடந்தாள். அந்த நிமிர்ந்த நடையை ஓடொன்னல் மறக்கவில்லை. 1963இல் லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்றில் ஜிம் ஹோல்டவேயின் ஓவியத்தோடு மாடஸ்டி பிளைசியைப் படைத்தபோது, அந்தச் சிறுமியின் இளமையையே நாயகிக்குக் கொடுத்தார்.

தமிழில் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் தொடங்கியது. 1984இல் அதே சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வந்தது. ஆசிரியர் எஸ். விஜயன் அப்போது பதின்ம வயது இளைஞர். முதல் இதழுக்கு அவர் தேர்ந்தெடுத்தது 'கத்தி முனையில் மாடஸ்டி'. மாயாவி, வேதாளன் என்று ஆண்கள் கோலோச்சிய சந்தையில், ஒரு புதிய தமிழ் காமிக்ஸ் ஒரு பெண்ணை அட்டையில் நிறுத்திக் கடை திறந்தது சாதாரண முடிவு அல்ல. தமிழ் வாசகர்கள் அவளை 'இளவரசி' என்று கொண்டாடினார்கள். சின்ன ஊர்களின் பஸ் ஸ்டாண்டு பெட்டிக் கடைகளில் கொடியில் தொங்கிய அந்த இதழ்கள் வழியாக, உலகப் போரின் ஓர் அகதிச் சிறுமி நம் வீடுகளுக்குள் வந்தாள்.

ஆனால் அவள் இறக்குமதி. தமிழ் மண்ணில் பிறந்து, தமிழ்ப் பெண்ணே வரைந்து, தலைமுறை தாண்டி நிலைத்த ஒரு காமிக்ஸ் நாயகி நமக்கு இன்னும் அமையவில்லை. 2022இல் மத்தியப் பண்பாட்டு அமைச்சகமும் அமர் சித்ர கதாவும் சேர்ந்து விடுதலைப் போரின் அறியப்படாத பெண்களைப் பற்றி வெளியிட்ட படக்கதை நூலில் வேலு நாச்சியார் இடம்பெற்றது நல்ல தொடக்கம். அது தொடக்கம் மட்டுமே.

கல்லில் எழுதிய பாடம்

இந்தக் கேள்விக்குத் தருமபுரி மாவட்டத்திடம் மிகப் பழைய விடை ஒன்று இருக்கிறது. படமும் எழுத்தும் சேர்ந்து வீரனின் கதையைச் சொல்லும் கலை இங்கே நடுகல்லாக நிற்கிறது. ஆநிரை மீட்டுச் செத்தவனின் உருவம், மேலே எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்ச் சண்டை என்ற செய்தி. 1970களில் இரா. நாகசாமி தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறை ஊர் ஊராகப் போய் இவற்றைப் படியெடுத்து அச்சிட்டது. அதற்கு முன்பே பல கற்களை மக்கள் காப்பாற்றிவிட்டார்கள். வேடியப்பன் என்று பெயர் சொல்லிப் பொங்கல் வைத்த கல் நிலைத்தது. கும்பிட ஆளில்லாத கல் வாய்க்கால் பாலமாகப் போனது. நடுகற்களில் பெண் பெரும்பாலும் வானுலகுக்கு வீரனை அழைத்துப்போகும் தேவமகளாகவோ, உடன்கட்டை ஏறிய மனைவியாகவோதான் நிற்கிறாள். ஆயுதம் ஏந்தியவளாக அவளைச் செதுக்கப் பெரும்பாலும் மனம் வரவில்லை. பின்னாளில் அவளை வரைய மனம் வந்தவர்களின் தாளைக் காப்பாற்ற நெடுநாள் யாரும் வரவில்லை.

இதில் நம்மால் ஆகக்கூடியது நிறைய இருக்கிறது. தமிழ் காமிக்ஸின் பழைய இதழ்கள் இன்று பெரும்பாலும் தனிப்பட்ட சேகரிப்பாளர்களின் பரண்களில் இருக்கின்றன. அவற்றை மின்படியாக்கும் பணியை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற அமைப்புகளோடு சேர்ந்து சேகரிப்பாளர்கள் எடுத்துச் செய்ய வேண்டும். மாவட்ட மைய நூலகங்கள் படக்கதைக்கு ஓர் அலமாரி ஒதுக்கினால் போதும், பிள்ளைகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்கள். கே.டி. ருக்மிணி பற்றி, ஜான்சி ராணிப் படையின் தோட்டத்துப் பெண்கள் பற்றி, சினிமாவும் வரலாறும் படிக்கும் மாணவர்கள் ஆய்வு செய்ய வேண்டும். அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகள் மலேசியாவில் இருக்கிறார்கள், கேட்டு எழுத இன்னும் வழி உண்டு.

போர்க்கால நாயகிகளின் மரபு எது என்று கேட்டால், அவர்கள் அணிந்த உடையையோ வீழ்த்திய வில்லனையோ நான் சொல்ல மாட்டேன். மில்ஸுக்கு ஒரு ராபின்ஸ், நெல்வானாவுக்கு ஒரு நிக்கல்சனும் ஒரு ரிச்சியும், நாடியாவுக்கு ஒரு ரியாத் கிடைத்தார்கள். பெண்களின் வீரக் கதையைத் தேடி எடுத்து அடுத்த கைக்குக் கொடுத்தவர்களின் அந்த வரிசைதான் மரபு. அதில் ஒரு தமிழ்ப் பெயரும் சேர வேண்டும். கம்பைநல்லூரிலோ மொரப்பூரிலோ பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு இந்தக் கதைகள் போய்ச் சேர்ந்தால், அடுத்த நாயகியை அவளே வரைவாள். அவளை அச்சிடுவதும் காப்பதும் நம் பொறுப்பு.